ஒரு காதில் மட்டும் கேட்பவர் ஸ்டீரியோ மிக்ஸ் செய்வது எப்படி?

கேள்வி: சிறுவயதில் பொன்னுக்குவீங்கி வந்ததில் என் இடது காது முழுவதும் கேட்காமல் போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கிறது. வீட்டிலேயே குரல், அக்கூஸ்டிக் கிட்டார், கீபோர்டு பதிவுசெய்து, டிரம்ஸையும் பேஸையும் கணினியில் சேர்த்து நானே மிக்ஸ் செய்கிறேன். எல்லா ஒலியும் கடைசியாகச் சேரும் மாஸ்டர் சேனலில் மோனோ பட்டனை அழுத்திவிட்டு ஹெட்ஃபோனில் வேலை செய்வேன். கடைசியில் இரண்டு ஸ்பீக்கரில் கேட்டு இடது, வலதைச் சரிசெய்வேன். கேட்டவர்கள் மூன்று குறை சொல்கிறார்கள்: குரல் அமுங்கியிருக்கிறது, ரிவர்ப் (ஒலிக்குப் பின்னே வால் போல நீளும் எதிரொலி) அதிகம், இடது பக்கக் கிட்டார் காதைக் குத்துகிறது. எனக்கு இவை எதுவுமே தெரியவில்லை. பேசாமல் மோனோவிலேயே பாட்டை வெளியிட்டுவிடலாமா? கேட்காத பக்கத்துக்குச் செவித்திறன் கருவி பொருத்திக்கொள்ளச் சொல்கிறார்கள். அது மிக்ஸிங்குக்கு உதவுமா?

பதில்: ஸ்டீரியோவை விடாதீர்கள். அந்த மூன்று குறைக்கும் தனித்தனியே காரணம் இருக்கிறது, மூன்றையும் சரிசெய்துவிடலாம். முதல் இரண்டும் மோனோ பட்டனிலிருந்து வந்தவை. மூன்றாவது ஸ்பீக்கரிலிருந்து வந்தது. உங்கள் வலது காதோ ரசனையோ இதற்குக் காரணம் என்று நினைக்க வேண்டியதில்லை.

மோனோ பட்டன் இடது, வலது சேனல்களைக் கூட்டித் தருகிறது. நடுவில் வைத்த குரல் இரண்டு சேனலிலும் அச்சு அசலாக ஒரே அலை. ஒரே அலையை இரண்டு முறை கூட்டினால் 6 டெசிபல் ஏறும். இடது ஓரத்தில் ஒரு கிட்டார், வலது ஓரத்தில் தனியாக வாசித்த இன்னொரு கிட்டார் என்றால் இரண்டும் வேறுவேறு அலைகள். அவற்றைக் கூட்டினால் 3 டெசிபல்தான் ஏறும். இரண்டு காதால் ஸ்டீரியோவில் கேட்பவருக்கு இந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லை. ஆக, மோனோவில் உங்களுக்குக் குரல் மட்டும் சுமார் 3 டெசிபல் தூக்கலாகக் கேட்கிறது. அது சரியாகப்படும்வரை ஃபேடரை, அதாவது குரலின் ஒலியளவை, இறக்குகிறீர்கள். ஸ்டீரியோவில் கேட்பவருக்குக் குரல் அமுங்கிவிடுகிறது.

ரிவர்பிலும் இதே கணக்குத்தான், திசை மட்டும் மாறுகிறது. ஸ்டீரியோ ரிவர்பின் இடது வாலும் வலது வாலும் வேறுவேறு அலைகள். நடுவில் இருக்கும் குரல் 6 ஏறும்போது அதன் ரிவர்ப் 3 மட்டுமே ஏறுகிறது. ரிவர்ப் போதவில்லை என்று உங்களுக்குத் தோன்றுகிறது, கூட்டுகிறீர்கள்.

இடது கிட்டார் குத்துவதற்குக் காரணம் உங்கள் தலை. இடது ஸ்பீக்கரின் ஒலி தலையைச் சுற்றிக்கொண்டுதான் வலது காதுக்கு வர வேண்டும். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 1.7 மீட்டர், அது தலையை ஒரு தடையாகவே எடுத்துக்கொள்ளாமல் வளைந்து வந்துவிடும். 5000 ஹெர்ட்ஸ் அலை 7 சென்டிமீட்டர்தான் நீளம், அதைத் தலை பெருமளவு தடுத்துவிடுகிறது. அதனால் இடது பக்கம் உங்களுக்கு மங்கலாகவும் சற்றுத் தணிந்தும் கேட்கிறது. லெவலையும் உச்ச அலைவரிசைகளையும் ஏற்றி ஈடுகட்டுகிறீர்கள். கேட்பவர் காதில் அதுதான் குத்துகிறது. இரண்டு ஸ்பீக்கருக்கு நடுவே உட்கார்ந்து இடது, வலதை ஒப்பிடும் வேலையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். எவ்வளவு பழகினாலும் அந்த ஒப்பீடு உங்களுக்குப் பொய்தான் சொல்லும்.

இனி வேலைமுறை. ஸ்டீரியோ மிக்ஸில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன. எது எவ்வளவு சத்தமாக, என்ன நிறத்தில் கேட்க வேண்டும் என்பது ஒன்று. எது எந்த இடத்திலிருந்து வர வேண்டும் என்பது மற்றொன்று. முதல் வேலைக்கு ஒரு காது முழுக்கப் போதும். இரண்டாவதை எண்களையும் மீட்டரையும் வைத்துச் செய்யலாம். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும்போதுதான் தப்பு நேர்கிறது.

முதலில் கேட்கும் பாதையைச் சரிசெய்யுங்கள். நான்கு விதமாகக் கேட்க உங்களுக்கு வசதி வேண்டும்: இரண்டு சேனலும் கூடிய மோனோ, இடது சேனல் மட்டும், வலது சேனல் மட்டும், இடதிலிருந்து வலதைக் கழித்த மிச்சம். மாஸ்டர் சேனலில் கடைசியாக ஒரு ஸ்டீரியோ கருவிப் பிளகினை (மென்பொருளுக்குள் சேர்க்கும் சிறு கருவி) போட்டு இந்த நான்கையும் பிரீசெட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மென்பொருள்களோடு வரும் சாதாரணப் பிளகினே போதும். நான்கில் எதை அழுத்தினாலும் ஒலி ஹெட்ஃபோனின் வலது கப்பில் வர வேண்டும். இடது சேனலைக் கேட்க ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டாதீர்கள். ஹெட்ஃபோனுக்குள் ஒலி எழுப்பும் இடது டிரைவரும் வலது டிரைவரும் துல்லியமாக ஒன்றுபோல இருப்பதில்லை, திருப்பினால் கப் காதில் பொருந்தும் விதமும் மாறும். அந்த வித்தியாசத்தை மிக்ஸின் வித்தியாசம் என்று நினைத்துவிடுவீர்கள். ஒலியை மாற்றுங்கள், ஹெட்ஃபோன் அதே டிரைவரோடு அதே காதில் இருக்கட்டும்.

பாதை சரிதானா என்று சோதிப்பது எளிது. ஒரு டிராக்கை முழுக்க இடது ஓரத்துக்குத் தள்ளுங்கள். மோனோவில் அது வலது காதில் கேட்க வேண்டும். விண்டோஸில் அணுகல்தன்மை அமைப்புகளில் ஒரு மோனோ ஆடியோ தேர்வு இருக்கிறது. பாட்டுக் கேட்கவும் காணொளி பார்க்கவும் அது நல்லது. ஆனால் பதிவு மென்பொருள் ஆசியோ டிரைவர் (ஒலிக் கருவியோடு நேரடியாகப் பேசும் இணைப்பு மென்பொருள்) வழியாக இயங்கினால் ஒலி விண்டோஸின் கலவையைத் தாண்டிப் போய்விடும், அந்தத் தேர்வு வேலை செய்யாது. அதை நம்பி மிக்ஸ் செய்தால் இடது சேனலே கேட்காமல் வேலை செய்துகொண்டிருப்பீர்கள்.

ஒயரைக் கொண்டு மோனோ ஆக்கும் குறுக்குவழியும் வேண்டாம். ஒரு வெளியீட்டை இரண்டாகப் பிரிக்க ஒய் கேபிள் சரி. இரண்டு வெளியீடுகளை ஒன்றாகச் சேர்க்க அதைப் பயன்படுத்தினால் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களும் ஒன்றுக்கொன்று சுமையாகி ஒலி சிதையும். மோனோ பிளக்கை ஸ்டீரியோ ஹெட்ஃபோன் சாக்கெட்டில் செருகினாலோ ஒரு சேனல் நேராகத் தரையோடு இணைந்துவிடும். இணைப்பதை மென்பொருளுக்குள்ளேயே செய்யுங்கள். எக்ஸ்போர்ட் செய்யும் முன் அந்தப் பிளகினை அணைக்க வேண்டும் என்பதைத் திரையில் ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். சில மென்பொருள்களில் ஃபைலுக்குள் போகாமல் கேட்பதற்கு மட்டும் பிளகின் போட ஒரு தனி இடம் உண்டு. இருந்தால் அங்கேயே போட்டுவிட்டால் இந்தக் கவலையும் இல்லை.

இப்போது மிக்ஸ். எல்லா டிராக்கையும் நடுவிலேயே வைத்து, மோனோவில், பேனை (ஒலியை இடம், வலம் நகர்த்தும் கட்டுப்பாடு) தொடாமல் பேலன்ஸை முழுவதும் முடித்துவிடுங்கள். இந்த வரிசைதான் உங்கள் முதல் குறையைத் தீர்க்கப்போகிறது. எல்லாம் நடுவில் இருக்கும்போது எல்லாமே ஒரே அளவில் கூடும், குரலுக்கு மட்டும் அந்த 3 டெசிபல் சலுகை கிடைக்காது. நீங்கள் கேட்கும் விகிதம் உண்மையான விகிதம். பிறகு மென்பொருளில் பேன் விதி, அதாவது நடுவில் இருக்கும் டிராக்கை ஓரத்தோடு ஒப்பிட எவ்வளவு தணிப்பது என்ற அமைப்பு, என்ன என்று பாருங்கள். நடுவில் மைனஸ் 3 டெசிபல் என்ற அமைப்பு உங்களுக்கு ஏற்றது. அதில் ஒரு டிராக்கை ஓரத்துக்குத் தள்ளினாலும் ஸ்டீரியோவில் கேட்பவருக்கு அதன் சத்தம் மாறாது. 0 டெசிபல் என்று இருந்தால் ஓரத்துக்குப் போகும் டிராக் கேட்பவருக்குத் தணிந்துவிடும், மாற்றிக்கொள்ளுங்கள்.

பேன் செய்த பிறகு மோனோவில் கேட்டால் ஓரத்துக்குப் போன கிட்டார்கள் தணிந்துவிட்டதாகத் தெரியும். தணிந்ததும் உண்மைதான், 3 டெசிபல் வரை. ஃபேடரைத் தொடாதீர்கள். உங்களுக்கு மட்டும் தெரியும் தணிவு அது. அதைத் துரத்தித்தான் இதுவரை குரலை மூழ்கடித்திருக்கிறீர்கள். பேன் செய்த பின் கட்டாயம் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் அந்த டிராக்கை நடுவுக்குக் கொண்டுவந்து, மாற்றி, திரும்ப அதன் இடத்தில் வையுங்கள். கொஞ்சம் சலிப்பான வேலை. ஆனால் இதைவிட நம்பகமான வழி இல்லை.

நடுவிலேயே எல்லாம் குவிந்திருக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரிசலாகத்தான் கேட்கும். நல்லதுதான். இந்த நெரிசலை ஈக்யூவால், அதாவது குறிப்பிட்ட அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியால், தீர்க்க வேண்டியிருக்கிறது. பேனால் தீர்ப்பவர்கள் அதை ஒளித்துவைக்கிறார்கள், ஃபோன் ஸ்பீக்கரில் ஒலிக்கும்போது அது வெளியே வந்துவிடுகிறது. கிட்டாரில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். பேஸ் தனியாக இருப்பதால் கீபோர்டில் 150 வரைகூட வெட்டலாம். குரல் தெளிவாகக் கேட்கும் பகுதி ஏறக்குறைய 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ். கிட்டாரும் கீபோர்டும் அங்கே வந்து மோதினால், குரலை ஏற்றுவதற்கு முன் அவற்றில் 2500 அருகே 2 அல்லது 3 டெசிபல் குறைத்துப் பாருங்கள். பல நேரம் அதுவே போதும். கிக் டிரம்முக்கும் பேஸுக்கும் சண்டை என்றால் ஒன்றுக்கு 60 அருகே இடம் கொடுத்து மற்றொன்றை 100 அருகே முன்னிறுத்துங்கள். எதை எங்கே வைப்பது என்பது பாட்டின் சுருதியைப் பொறுத்தது.

ரிவர்பை மோனோவில் பிடித்த அளவுக்கு வையுங்கள், பிறகு அதன் ரிட்டர்ன் ஃபேடரை (ரிவர்ப் ஒலி மட்டும் வரும் சேனலின் ஒலியளவு) 3 டெசிபல் இறக்குங்கள். இறக்கிய பின் உங்களுக்கு வறண்டு கேட்கும். இறக்கியபடியே விட்டுவிடுங்கள். ரிட்டர்னில் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 7000-க்கு மேலேயும் வெட்டிவிட்டால் சொற்கள் மங்குவது குறையும். 20 முதல் 40 மில்லிநொடி முன்தாமதம் (ரிவர்ப் தொடங்கும் முன் விடும் இடைவெளி) கொடுத்தால் குரல் ரிவர்புக்கு முன்னால் நிற்கும். டிலே (ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிப்பது) போடுவதானால் மோனோ டிலேயே போடுங்கள். இடம், வலம் மாறிமாறித் துள்ளும் டிலேயைத் தவிர்க்க முடியவில்லை என்றால் இடது மட்டும், வலது மட்டும் பட்டன்களில் அதை எண்ணிப் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

அடுத்தது இடம் ஒதுக்குவது. இதைக் காகிதத்தில் செய்யுங்கள். தலைமைக் குரல், கிக், ஸ்னேர், பேஸ் நான்கும் நடுவில், மாற்றமே இல்லை. மீதியை ஜோடிகளாக எழுதுங்கள். இடது பக்கம் ஒன்று வைத்தால், அதே அலைவரிசைப் பகுதியில் அதே வேலையைச் செய்யும் ஒன்று வலது பக்கம் இருக்க வேண்டும். கிட்டாருக்கு எதிரே கிட்டார், அல்லது அதே உயரத்தில் வாசிக்கும் கீபோர்டு. ஹை-ஹாட் வலது 30 என்றால், ஷேக்கரோ டாம்பரினோ இடது 30. துணைக்குரல்கள் இரண்டிரண்டாக, 60-க்கு 60. மதிப்புகளை இடது, நடு, வலது என மூன்றாக மட்டும் வைத்துக்கொள்ளும் பேன் முறையைப் பல பொறியாளர்கள் விரும்பியே கையாள்கிறார்கள். உங்களுக்கு அது இன்னும் பொருத்தம். 37-ஆ 45-ஆ என்று காதால் முடிவுசெய்ய முடியாத இடத்தில் அந்தக் கேள்வியே எழாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: பல்லவியில் ஜோடி இருக்கும் கிட்டார் சரணத்தில் தனியாக வாசித்தால், அந்த இடத்தில் அது ஓரத்தில் தனியே தொங்கும். அங்கே 20-க்குள் கொண்டுவாருங்கள், அல்லது எதிர்ப்பக்கம் மெல்லிய துணை ஒன்றைச் சேருங்கள்.

சரிபார்க்க அந்த நான்கு பட்டன்கள் இருக்கின்றன. இடது மட்டும் அழுத்திப் பாட்டை முழுதாகக் கேளுங்கள், பிறகு வலது மட்டும். இரண்டிலும் குரலும் தாளமும் சுருதியும் இருந்து, ஒவ்வொன்றும் தனிப் பாட்டாக நிற்க வேண்டும். மாற்றி மாற்றிக் கேட்கும்போது ஒரு பக்கம் சத்தமாகவோ கூர்மையாகவோ பட்டால் அது நிஜமான வித்தியாசம். காரணம், இரண்டையும் அதே காதில், அதே டிரைவரில் கேட்கிறீர்கள். ஸ்பீக்கர் சொல்ல முடியாததை இந்த ஒப்பீடு சொல்லும். இதோடு ஒரு லவுட்னஸ் மீட்டரில் இரண்டு சேனல்களின் அளவையும் பல்லவி முழுக்கப் பாருங்கள், வித்தியாசம் 1 டெசிபலுக்குள் இருக்கட்டும். அளவு சமமாக இருந்தும் ஒரு பக்கம் இழுக்கலாம். ஒரு பக்கம் பளிச்சென்ற ஷேக்கர், மறுபக்கம் மங்கலான கீபோர்டு பேட் ஒலி என்றால் காது பளிச்சென்ற பக்கம்தான் போகும். ஸ்பெக்ட்ரம் அனலைசரை இரண்டு சேனலுக்கும் தனித்தனியே போட்டு 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே இரண்டு கோடுகளும் ஏறத்தாழ ஒன்றாகப் போகின்றனவா என்று பாருங்கள்.

நான்காவது பட்டன், அதாவது கழித்துக் கேட்பது, மிகப் பயனுள்ளது. இரண்டு காது உள்ளவர்களில்கூடப் பலர் இதைப் பயன்படுத்துவதில்லை. வலது சேனலின் பொலாரிட்டியை (அலையின் மேல், கீழ்த் திசை) திருப்பி இடதோடு கூட்டினால் நடுவில் உள்ளதெல்லாம் மறைந்துபோகும், ஓரங்கள் மட்டும் மிஞ்சும். தலைமைக் குரல் சரியாக நடுவில் இருந்தால் அதன் நேரடி ஒலி காணாமல் போய், ரிவர்ப் மட்டும் மிதக்கும். குரல் தேய்ந்தும் தேயாமலும் கேட்டால் பேன் விலகியிருக்கிறது, அல்லது வழியில் ஏதோ ஸ்டீரியோ பிளகின் இருக்கிறது. கிக்கோ பேஸோ மிஞ்சினால் அதை உடனே தேடிப் பிடியுங்கள். 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் ஓரத்தில் இருக்கத் தேவையில்லை. மற்றவர்கள் அகலம் என்று உணர்வது இந்த மிச்சத்தைத்தான். பிடித்த பாட்டு ஒன்றையும் இப்படிக் கழித்துக் கேட்டு, அதில் ஓரங்கள் எவ்வளவு நிறைந்திருக்கின்றன, எப்போது நிறைகின்றன என்று கவனியுங்கள். பல்லவி வரும்போது மட்டும் விரியும்படி எத்தனையோ பாடல்கள் கட்டப்பட்டிருப்பது தெரியும்.

இடது, வலது அலைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் கோரிலேஷன் மீட்டரும் திரையில் இருக்கட்டும். பிளஸ் 1 என்றால் முழு மோனோ, 0 என்றால் இரண்டு பக்கமும் தொடர்பற்றவை, மைனஸ் பக்கம் என்றால் ஒன்றையொன்று அழிக்கின்றன. முள் பெரும்பாலும் 0-க்கும் 1-க்கும் நடுவே ஆட வேண்டும். எப்போதாவது ஒரு நொடி கீழே போனால் பாதகமில்லை. தொடர்ந்து மைனஸில் நின்றால் டிராக்குகளை ஒவ்வொன்றாக சோலோ செய்து குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்.

பெரும்பாலும் அது கீபோர்டாகத்தான் இருக்கும். கீபோர்டுகளில் வரும் பியானோ, ஸ்ட்ரிங்ஸ், எலக்ட்ரிக் பியானோ ஒலிகளில் பலவும் அகலமாகத் தெரிய வேண்டும் என்றே கோரஸ் சேர்த்துச் செய்யப்பட்டவை. மோனோவில் அவை உள்ளே வெறுமையாகிவிடும். மோனோவில் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். ஒரு சேனலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றொன்றை எறிந்துவிடுங்கள், ஒலி உடனே திடமாகும். இன்னொரு கண்ணி, ஒரே கிட்டார் பதிவைப் பிரதி எடுத்து, ஒரு பக்கம் சில மில்லிநொடி தாமதித்து அகலமாக்குவது. கூட்டும்போது அது சீப்பின் பற்கள் போல அலைவரிசைகளை வெட்டும். 1 மில்லிநொடி தாமதம் என்றால் 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளங்கள் விழும். அகலம் வேண்டுமென்றால் கிட்டாரை இரண்டாம் முறை நிஜமாகவே வாசித்துப் பதிவுசெய்யுங்கள். இரண்டு வாசிப்பும் ஒருபோதும் ஒன்றாக இருக்காது, அதனால் ஒன்றையொன்று அழிக்காது. அகலப்படுத்தும் பிளகின்களை மாஸ்டரில் போடவே வேண்டாம்.

உங்கள் மிக்ஸை வேறு பாடலோடு ஒப்பிடும்போது இரண்டையும் மோனோவில் வைத்தே ஒப்பிடுங்கள். இதைப் பழக்கமாக்கிக்கொண்டால் மேலே சொன்ன கணக்குகளில் பாதியை மறந்துவிடலாம். நன்கு கலக்கப்பட்ட ஸ்டீரியோ பாட்டும் மோனோவில் குரல் தூக்கலாக, ரிவர்ப் குறைவாகத்தான் கேட்கும். உங்கள் மிக்ஸும் அதேபோல் கேட்டால் ஸ்டீரியோவிலும் அதைப் போலவே இருக்கும். ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமமாக்குங்கள். வெளியான பாடல் மாஸ்டரிங் முடிந்து வந்தது, அதை 6 முதல் 10 டெசிபல் வரை இறக்க வேண்டியிருக்கும். சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகப்படும் மயக்கத்துக்கு எல்லாக் காதும் இரையாகும்.

மோனோவிலேயே வெளியிடுவது குறித்துக் கேட்டிருந்தீர்கள். பாட்டு அதைக் கேட்டால் தாராளமாகச் செய்யலாம். ஒரு குரல், ஒரு கிட்டார் மட்டும் உள்ள பாட்டுக்கு மோனோ மிக அழகு. வழி தெரியாததால் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சனுக்கு வலது காது ஏறக்குறைய கேட்காமல் இருந்தது. 1960-களில் அவர் தன் குழுவின் பாடல்களை மோனோவில்தான் கலந்தார். அவற்றில் பலவற்றின் ஸ்டீரியோ வடிவங்களைப் பிற்காலத்தில் வேறு பொறியாளர்கள் உருவாக்கினார்கள். நீங்களும் கடைசிக் கட்டத்தில் மட்டும் இன்னொருவரின் இரண்டு காதுகளைக் கடன் வாங்குவதில் தவறே இல்லை.

ஆனால் அவரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். ஹெட்ஃபோனைக் கொடுத்துக் குறிப்பாகக் கேளுங்கள். குரல் நெற்றிக்கு நேரே இருக்கிறதா, விலகியிருக்கிறதா? பல்லவியில் எந்தப் பக்கம் கனமாக இருக்கிறது? ஏதாவது ஒலி தலைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல, காதை உறிஞ்சுவதுபோல இருக்கிறதா? அந்த உணர்வு பெரும்பாலும் பொலாரிட்டி மாறியதன் அடையாளம். திடீரென்று ஒரு பக்கத்திலிருந்து ஏதாவது எட்டிப் பார்க்கிறதா? பதிலைக் குறித்துக்கொண்டு, ஹெட்ஃபோனை இடம் வலமாக மாற்றி மாட்டச் சொல்லி அதே இடத்தை மறுபடி போடுங்கள். கனம் மறுபக்கத்துக்கு மாறினால் சாய்வு உங்கள் மிக்ஸிலோ அந்த ஹெட்ஃபோனிலோ இருக்கிறது. அதே காதிலேயே நின்றால் அவருடைய இரு காதும் சமமாக இல்லை, அவர் சொன்னதைத் திருத்தமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தச் சோதனை செய்யாமல் ஒருவர் பேச்சை நம்பி லெவலை மாற்றிவிடக் கூடாது.

ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டில் ஒன்றை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் மோனோவில் வையுங்கள். அதை நேர் முன்னால் வைத்துவிட்டு, நாற்காலியைச் சற்று இடப்பக்கம் திருப்பினால் வலது காது ஸ்பீக்கரை நோக்கும். 30 டிகிரி போதும். எந்தக் கோணமானாலும் எப்போதும் அதே கோணமாக இருக்கட்டும், தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். தலை திரும்பத் திரும்ப உச்ச அலைவரிசைகள் மாறும். இரண்டு காது உள்ளவருக்கு ஒன்றில் குறைவது மற்றொன்றில் கூடுவதால் அவ்வளவாகத் தெரியாது, உங்களுக்கு முழு மாற்றமும் தெரியும். தூரம் 60 முதல் 80 சென்டிமீட்டர் போதும். அறையின் எதிரொலியை விலக்கி நேரடி ஒலியைப் பிரித்தெடுப்பதில் இரண்டு காதும் சேர்ந்து மூளைக்கு உதவுகின்றன. ஒற்றைக் காதுக்கு அறை கூடுதலாகக் கேட்கும். அதனால் ஸ்பீக்கர் அருகில் இருக்க வேண்டும், மேசைக்கு இருபுறச் சுவரிலும் கனமான திரையோ உறிஞ்சும் பலகையோ இருக்க வேண்டும். ஈக்யூ முடிவுகளை ஹெட்ஃபோனில் எடுங்கள்.

இதே குறை பதிவு செய்யும்போது பலமாகிறது. மைக்கும் ஒற்றைக் காதுதான். இரண்டு காது உள்ளவர் அறையில் நின்று கேட்கும் கிட்டாருக்கும் மைக் பிடிக்கும் கிட்டாருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். மைக் வைக்க இடம் தேடும்போது அவர்களில் பலர் ஒரு காதை விரலால் அடைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு அது தேவையில்லை. யாரையாவது கிட்டார் வாசிக்கச் சொல்லி, 12-ஆவது கட்டை அருகே 30 சென்டிமீட்டர் தூரத்தில் வலது காதை வைத்து நகர்ந்து நகர்ந்து கேளுங்கள். ஒலித்துளையின் குமுறலும் அறையின் டப்பா ஒலியும் குறையும் புள்ளியில் மைக்கை வையுங்கள். அங்கே கிடைத்த நல்ல பதிவு மிக்ஸில் பாதி வேலையை மிச்சமாக்கும்.

இனி கருவி. கேட்காத பக்கத்து ஒலியை எடுத்துக் கேட்கும் காதுக்கு அனுப்பும் கிராஸ் வகைக் கருவியும், எலும்பு வழியாகக் கடத்தும் கருவியும் பேச்சுக்கு நல்ல உதவி. இடது பக்கம் உட்கார்ந்தவர் பேசுவது கேட்கும், அதற்காக வாங்கலாம். எந்தத் திசையிலிருந்து ஒலி வருகிறது என்று அறியும் திறனை அவை திருப்பித் தருவதில்லை, ஏனென்றால் எல்லாம் கடைசியில் ஒரே காதுக்குள்தான் போகிறது. மிக்ஸிங்கில் இடைஞ்சலும் செய்யும். கருவி ஒலியைச் சில மில்லிநொடி தாமதித்து, தானாகவே அழுத்தி, பேச்சுக்கேற்பச் செதுக்கித் தருகிறது. அது நேரடி ஒலியோடு கலந்தால் முன்பு சொன்ன பள்ளங்கள் உங்கள் காதுக்குள்ளேயே விழும். மிக்ஸ் செய்ய உட்காரும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.

சத்தத்தில் உங்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து இருக்கிறது. ஒரே ஒலி இரண்டு காதில் சேரும்போது ஒற்றைக் காதில் கேட்பதைவிடச் சில டெசிபல் கூடுதலாகத் தெரியும். அந்தச் சேர்க்கை இல்லாததால் உங்கள் கை வால்யூமைக் கூட்டவே போகும். ஒலி அளக்கும் செயலியை ஃபோனில் போட்டு, உட்காரும் இடத்தில் 70 முதல் 75 டெசிபலுக்குள் வால்யூமை நிறுத்தி, கணினியோடு இணைத்த ஆடியோ இன்டர்ஃபேஸின் குமிழில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹெட்ஃபோனில் அளக்க முடியாது. ஸ்பீக்கரில் அளந்த சத்தத்தை நினைவில் வைத்து அதற்கு நிகராகத் தோன்றும் அளவுக்குக் கீழேயே வையுங்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது பணியிடங்களில் அமெரிக்க நியாஷ் அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும்: 88-இல் 4 மணி, 91-இல் 2 மணி. டிரம்ஸ் இருக்கும் ஒத்திகைக்குக் காதடைப்பான் இல்லாமல் போகாதீர்கள். இசைக்கலைஞர்களுக்கென்று வரும் வகை எல்லா அலைவரிசைகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைப்பதால் சுருதி தெளிவாகவே கேட்கும்.

ஆண்டுக்கு ஒருமுறை ஆடியோகிராம் (கேட்புத் திறன் பரிசோதனை) எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளமாகத்தான் முதலில் தெரியும், அப்போது பேச்சில் எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. வலது காது திடீரென்று அடைத்ததுபோல ஆனாலோ, கேட்பது குறைந்து இரைச்சல் தொடங்கினாலோ சளி என்று நினைத்துக் காத்திருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய், இடது காது கேட்காது என்பதை முதலிலேயே சொல்லுங்கள். திடீர்க் கேட்புக் குறைவுக்கு நாள்கள் கடக்கக் கடக்கச் சிகிச்சையின் பலன் குறையும்.

இப்போது கையில் இருக்கும் பாட்டுக்குச் செய்ய வேண்டியது: மிக்ஸை வேறு பெயரில் சேமியுங்கள். இடது கிட்டாரில் ஸ்பீக்கரில் கேட்டுப் போட்ட ஈக்யூவையும் லெவல் மாற்றத்தையும் நீக்குங்கள். எல்லாப் பேனையும் நடுவுக்குக் கொண்டுவந்து பேலன்ஸை முதலிலிருந்து போடுங்கள், ரிவர்பை அதன் பிறகு தொடுங்கள். முடித்ததும் பழைய மிக்ஸையும் புதியதையும் எது எது என்று சொல்லாமல் அதே நண்பர்களிடம் கொடுத்து, குரலையும் இடது கிட்டாரையும் பற்றி மட்டும் கேளுங்கள்.